பஸ்ஸல்டனுக்கு முன்னால் இன்னொரு பந்தயமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவோடு சேர்ந்து வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் ஒரு தம்பி நாலு வருடமாக எங்கள் குழுவில் ஓடுகிறான். டிசம்பர் தொடக்கத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவின் பஸ்ஸல்டனில் நடக்கும் அயர்ன்மேன் டிரையத்லானுக்குப் பணம் கட்டிவிட்டான். அவனுக்கு இதுதான் முதல் முழு தூரம். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அது முடிந்து 42.2 கிலோமீட்டர் ஓட்டம், எல்லாம் 17 மணி நேரத்துக்குள். போன ஞாயிறு ஏற்காட்டு அடிவாரத்தில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு டீ குடிக்கும்போது கேட்டான்.

"அண்ணா, அதுக்கு முன்னாடி ஒரு ரேஸ் பண்ணிட்டுப் போனா நல்லதுங்களா? அஞ்சு வாரம் முன்னாடி கோவா வருது. மூணு வாரம் முன்னாடி நம்ம மலையிலயே ஆஃப் மாரத்தான். பசங்க ஒரு பத்து கே வேற சொல்றாங்க. எதுக்குப் போறது, எதை விடறது?"

கோவா என்று அவன் சொன்னது அங்கே நடக்கும் அரைத் தூர அயர்ன்மேனை, பத்து கே என்றது பத்து கிலோமீட்டர் ஓட்டத்தை. அன்றைக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வைத்து யோசித்தேன். முழு தூரத்துக்குப் போகிற யாருக்கும் கடைசி இரண்டு மாதத்தில் இந்தக் குழப்பம் வரும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பந்தயம் நம்மிடமிருந்து என்ன எடுத்துக்கொள்கிறது என்று பார்ப்போம். என்ன கொடுக்கும் என்பதை எல்லோரும் பேசுகிறார்கள். இந்தப் பக்கத்தைத்தான் விட்டுவிடுகிறோம்.

ஒரு நாள்தானே என்று தோன்றும். ஆனால் அதற்கு முன் நாலைந்து நாள் பயிற்சியைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் களைத்த காலோடு போய் நிற்போம். முடிந்த பிறகு, தூரத்தைப் பொறுத்து, ஒரு வாரமோ பத்து நாளோ கடினமாக எதுவும் செய்ய முடியாது. ஆக ஓர் அரைத் தூரப் பந்தயம் இரண்டு வாரத்தைச் சாப்பிட்டுவிடும். பஸ்ஸல்டன் மாதிரி ஒன்றுக்குத் தயாராகும்போது கடைசிப் பெரிய பயிற்சிகள், அதாவது 150, 160 கிலோமீட்டர் சைக்கிளும் 30 கிலோமீட்டரை ஒட்டிய ஓட்டமும், வருவது பந்தயத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போதிலிருந்து மூன்று வாரம் இருக்கும்வரைதான். அப்புறம் கடைசி இரண்டு வாரம் குறைப்புக் காலம். அதற்கும் காரணம் இருக்கிறது. 2007-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு வெளிவந்தது. இரண்டு வாரம், பயிற்சியின் அளவை 41 முதல் 60 சதவீதம் வரை குறைத்து, வேகத்தையும் வாரத்தில் எத்தனை முறை என்பதையும் குறைக்காமல் வைத்திருந்தால் பலன் அதிகம் என்பது அதன் முடிவு. எனவே புதிதாக ஒரு பந்தயத்தைச் செருகினால், அது பெரிய பயிற்சியின் இடத்தில் உட்காரும், அல்லது ஓய்வின் இடத்தில் உட்காரும். காலியாகக் கிடக்கும் வாரம் என்று ஒன்று அந்த அட்டவணையில் கிடையாது.

இரண்டாவது செலவு காலில். நீச்சலும் சைக்கிளும் தசையைக் களைப்பாக்கும், பெரிதாகச் சேதப்படுத்தாது. ஓட்டம் அப்படி இல்லை. ஒவ்வொரு அடியிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது. இறக்கத்தில் இது இன்னும் அதிகம். அப்படி நீளும்போதே இறுகும் தசையில்தான் நுண்ணிய கிழிசல்கள் விழும். வலி இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போய் நாலைந்து நாளில் அடங்கிவிடும். பலம் திரும்ப அதைவிட நாளாகும். சேதமான தசை தன்னுடைய மாவுச்சத்துச் சேமிப்பையும் மெதுவாகத்தான் நிரப்பிக்கொள்ளும். அதனால் ஒரு பந்தயத்தை எடை போடும்போது மொத்தத் தூரத்தை நான் கடைசியில்தான் பார்ப்பேன். அதில் ஓட்டம் எவ்வளவு, அந்த ஓட்டத்தில் இறக்கம் எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வி.

இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் மூன்று வாரத்துக்கு முன் வரும் மலை ஓட்டம் முதலிலேயே அடிபட்டுப் போகிறது. ஆனால் தம்பிக்கு அதில்தான் ஆசை அதிகம், ஏனென்றால் அது நம் ஊர்ப் பந்தயம். எனக்கும் அதே ஆசை இருந்தது. சில வருடங்களுக்கு முன் என்னுடைய முதல் முழு தூரத்துக்குச் சரியாக மூன்று வாரம் இருக்கும்போது ஏற்காட்டில் ஓர் அரை மாரத்தான் ஓடினேன்.

அந்தக் காலைப்பொழுது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஏரிப் பக்கம் பனிமூட்டம் விலகவில்லை. சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருந்த மிளகுக் கொடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கீழே சேலத்தில் வியர்த்து ஊற்றும் உடம்புக்கு அந்தக் குளிர் என்னவோ சிறகு முளைத்த மாதிரி இருந்தது. பாதி தூரம் ஏற்றம், அதை அடக்கியே ஓடினேன். திரும்பினால் இறக்கம். காபித் தோட்டங்களுக்கு நடுவே ரோடு வளைந்து வளைந்து கீழே போகிறது, கால் தானாகவே ஓடுகிறது, மூச்சு வாங்கவே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் ஒருவரைத் தாண்டினேன். கடிகாரத்தைப் பார்த்தால் என்னுடைய வழக்கமான வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு முக்கால் நிமிடம் குறைவு. இதயத்துடிப்போ நிதானமாக இருந்தது. இறக்கத்தின் ஏமாற்று இதுதான். மூச்சுக்குக் கஷ்டம் தெரியாது, அதனால் தசைக்கு நடப்பது நமக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் மழை வருகிறது என்று மொட்டை மாடியில் காயும் துணியை எடுக்கப் போனேன். ஏறிவிட்டேன். இறங்க முடியவில்லை. முதல் படியில் காலை வைத்ததும் தொடை பிடிகொடுக்காமல் மடிந்தது. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்து, ஏணியில் இறங்குவது போலப் பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கினேன். அந்த வாரம் போக வேண்டிய 150 கிலோமீட்டர் சைக்கிள் போகவில்லை. அடுத்த வாரம் வலி இல்லை என்று நம்பி நீண்ட ஓட்டத்துக்குக் கிளம்பி, 22-வது கிலோமீட்டரில் முட்டியின் வெளிப்பக்கம் பிடித்து நிறுத்தினேன். பந்தய நாளில் நீச்சலும் சைக்கிளும் நினைத்தபடி நடந்தன. ஓட்டத்தில் 26-வது கிலோமீட்டரில் தொடை அந்தச் செவ்வாய்க்கிழமை மாதிரியே மடிய ஆரம்பித்தது. மீதி 16 கிலோமீட்டரையும் நடந்தேன். முடித்தேன் என்பது உண்மை. ஒன்பது மாதப் பயிற்சியில் ஒரு பகுதியை மலை ரோட்டில் கொட்டிவிட்டு வந்தேன் என்பதும் உண்மை.

மலை ஓட்டமே கெடுதல் என்று சொல்ல வரவில்லை. ஒருமுறை இறக்கத்தில் ஓடி அடிபட்டு ஆறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே மாதிரி அடியைத் தாங்கும். இரண்டு மாதத்துக்கு முன் என்றால் நானே கூட்டிக்கொண்டு போவேன். மூன்று வாரம் என்பது, ஆறுவதற்குள் கிளம்பிப் போகிற தூரம்.

இதே மலையில் இன்னொரு வாய்ப்பும் உண்டு. அடிவாரத்திலிருந்து ஏரி வரை சைக்கிளில் நேரம் வைத்து ஏறுவது. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரில். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறுகிறோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் மிதித்தாலும் இரண்டு நாளில் கால் தெளிந்துவிடும், ஏனென்றால் ஏற்றத்தில் மிதிப்பதில் தசை சுருங்கித்தான் வேலை செய்கிறது, நீண்டு அடி வாங்குவதில்லை. ஆசையைத் தீர்த்துக்கொள்ள இது எவ்வளவோ பரவாயில்லை. பயமெல்லாம் இறங்கும்போதுதான். ஐப்பசி மழையில் ரோட்டில் இலை ஒட்டிக்கிடக்கும், வளைவில் பஸ் முழு ரோட்டையும் எடுத்துக்கொண்டு திரும்பும், குரங்கு எப்போது குறுக்கே வரும் என்று சொல்ல முடியாது. காறை எலும்பு உடைந்தால் பஸ்ஸல்டன் அடுத்த வருடம்தான்.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. பஸ்ஸல்டன் தட்டையான ஊர். சைக்கிள் பாதையில் சொல்லிக்கொள்ளும்படி ஏற்றமே கிடையாது. அங்கே கஷ்டம் வேறு மாதிரி வரும். ஆறு மணி நேரம், ஏழு மணி நேரம் குனிந்து, ஹேண்டில்பாருக்கு முன்னால் நீளும் ஏரோபாரில் முழங்கையை ஊன்றியபடி, இடைவெளியே இல்லாமல் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏற்காட்டில் ஏறும்போது எழுந்து நிற்கிறோம், கையை மாற்றிப் பிடிக்கிறோம், இறங்கும்போது மிதிப்பதே இல்லை. கழுத்துக்கும் கீழ் முதுகுக்கும் பஸ்ஸல்டன் கேட்கும் பாடத்தை நம் மலை சொல்லித்தராது. அதற்கு ஆத்தூர் ரோடுதான் வேண்டும்.

சரி, கோவாவுக்கு வருவோம். இதை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது.

2019-ல் தொடங்கிய பந்தயம். மிராமார் கடற்கரையில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம், எல்லாம் எட்டரை மணி நேரத்துக்குள். தூரமெல்லாம் முழு தூரத்தில் பாதி. தம்பியின் கணக்குப்படி பஸ்ஸல்டனுக்கு ஐந்து வாரம் முன்னால் விழுகிறது. ஐந்து வாரம் நல்ல இடைவெளி. பத்து நாள் தேறுவதற்குப் போனாலும் ஒரு பெரிய வாரம் மிச்சமிருக்கும், அப்புறம் குறைப்புக் காலம். நான்கு வாரமாக இருந்தால் யோசிப்பேன், மூன்று என்றால் வேண்டாம் என்பேன்.

அவனுக்குக் கோவா கொடுக்கக்கூடியதில் பெரியது கடல். அம்மா ஊரில், வாழப்பாடிப் பக்கம், முதுகில் காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவன் அவன். அதற்கப்புறம் எல்லாம் குளத்துக்குள்தான். சுவரைத் தொட்டால் நிற்கலாம், அடியில் நீலக் கோடு தெரியும், பக்கத்தில் யாரும் உதைக்க மாட்டார்கள். 25 மீட்டர் குளத்தில் 3.8 கிலோமீட்டர் என்றால் 152 நீளம். அதை அவன் எண்ணி எண்ணி நீந்திவிடுவான். பஸ்ஸல்டனில் 1,841 மீட்டர் நீளத்துக்குக் கடலுக்குள் போகும் பழைய மரப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். பாதி வழியில் நின்று மூச்சு வாங்கச் சுவர் இல்லை. கூட்டத்தில் யாரோ ஒருவரின் குதிகால் நீச்சல் கண்ணாடியில் படும், வாயில் உப்புத் தண்ணீர் போகும், மார்பு அடைக்கிற மாதிரி இருக்கும். அந்தப் பதற்றத்தை முதல்முறையாக அனுபவிக்கும் இடம் பஸ்ஸல்டனாக இருக்கக் கூடாது. இதை மட்டும் வைத்து முடிவெடுத்தால் கோவாவுக்குப் போ என்றே சொல்வேன்.

ஆனால் கோவா எல்லாவற்றுக்கும் ஒத்திகை ஆகாது. அங்கே கடல் வெதுவெதுப்பு, வெட்சூட் எனும் உடம்பைச் சூடாக வைக்கும் ரப்பர் நீச்சல் உடையைப் போட முடியாது. தண்ணீர் 24.5 டிகிரியைத் தாண்டினால் நம்மைப் போன்றவர்களுக்கு அது விதிப்படியே கிடையாது. பஸ்ஸல்டனில் அந்த மாதத்தில் தண்ணீர் 20 டிகிரியை ஒட்டி இருக்கும், எல்லோரும் வெட்சூட்டில்தான் இறங்குவார்கள். கழுத்தில் உரசிப் புண்ணாவது, தோள் இறுகுவது, கழற்றும்போது கணுக்காலில் மாட்டுவது எல்லாம் கோவாவில் தெரிய வராது. கோவாவின் வெக்கையில் எடுத்த நேரத்தை வைத்து பஸ்ஸல்டன் நேரத்தைக் கணிப்பதும் சரிவராது. அரைத் தூர நேரத்தை இரண்டால் பெருக்கி ஒன்று, ஒன்றரை மணி நேரம் கூட்டிக்கொள் என்று ஒரு வழக்கமான கணக்கு உண்டு. வெயிலும் பாதையும் ஒரே மாதிரி இருந்தால்தான் அது ஓரளவு பொருந்தும்.

அப்புறம், கோவாவை எப்படிச் செய்வது என்பதும் இருக்கிறது. முழு தூரத்துக்கான வேகத்தில் சைக்கிளை ஓட்டி, ஓட்டத்தின் 21 கிலோமீட்டரையும் பஸ்ஸல்டனில் ஓடப்போகும் நிதானத்தில் ஓடினால், அது ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி. பத்து நாள் தேவைப்படாது, ஐந்தாறு நாளில் தேறிவிடலாம். அவனிடம் கேட்டேன்.

"நம்பரைக் கட்டிக்கிட்டு, முன்னாடி ஒருத்தன் போறான்னா உன்னால மெதுவா ஓட முடியுமாடா?"

கொஞ்ச நேரம் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "முடியாதுங்கண்ணா" என்றான்.

அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். பலர் முடியும் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நீச்சலையும் சைக்கிளையும் முடித்துவிட்டு ஓட்டத்தை ஐந்து கிலோமீட்டரோடு நிறுத்திவிடு என்று சில பயிற்சியாளர்கள் சொல்வதுண்டு. அறிவுக்கு அது சரி. பதக்கம் கண்ணெதிரே தொங்கும்போது நிறுத்துகிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

இதற்கு மேல் தீபாவளி. சேலத்துக் கொலுசுப் பட்டறைகளில் தீபாவளிக்கு முந்தின ஒரு மாதம் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பற்றவைப்பு, மெருகு, எடை, திரும்பவும் கடைக்காரர் போன், இரவு பன்னிரண்டு மணிக்குத்தான் கதவு சாத்துவார்கள். கோவா விழுவது தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. மூன்று வாரம் ஐந்து மணி நேரத் தூக்கத்தோடு அவன் அங்கே போய் நிற்பான், சைக்கிளைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போக வர நாலு நாள் பட்டறையை அப்பா ஒருவரே பார்க்க வேண்டும். பயிற்சி அட்டவணையில் இந்தக் களைப்புக்குக் கட்டம் கிடையாது, உடம்பு மட்டும் அதை எண்ணிக்கொண்டே இருக்கும்.

காய்ச்சல் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1987-ல் லாஸ் ஏஞ்சலஸ் மாரத்தான் ஓடியவர்களிடம் அடுத்த வாரம் விசாரித்ததில் நூற்றுக்கு 13 பேர் சளி, காய்ச்சல் என்றார்கள். பயிற்சி செய்தும் ஓடாமல் இருந்தவர்களில் இரண்டு பேருக்குச் சற்று மேல். ஓட்டத்தால் எதிர்ப்புச் சக்தி குறைவதுதான் காரணமா, கூட்டமும் பயணமும் தூக்கமின்மையும் காரணமா என்று பின்னால் நிறைய விவாதம் நடந்தது. நம் கேள்விக்கு இரண்டும் ஒன்றுதான். பந்தயம் என்றால் கூட்டம், பயணம், தூக்கமின்மை மூன்றும் சேர்ந்தேதான் வரும்.

மற்ற இரண்டு வாய்ப்புகளையும் சுருக்கமாகப் பார்க்கலாம். ஒலிம்பிக் தூர டிரையத்லான், அதாவது 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 சைக்கிள், 10 ஓட்டம், இரண்டரை மூன்று வாரத்துக்கு முன் கிடைத்தால், ஏற்கெனவே முழு தூரம் முடித்தவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வேன். ஓட்டம் குறைவு, ஒரு வாரத்துக்குள் கால் பழையபடி ஆகிவிடும், உடை மாற்றும் இடத்தில் செய்யும் தவறெல்லாம் வெளிவந்துவிடும். பக்கத்தில் நடந்தால் மட்டும். அதற்காக ரயிலேறிப் போக வேண்டியதில்லை. பத்து கே இரண்டு வாரத்துக்கு முன், தட்டையான ரோட்டில் என்றால், ஓடலாம், ஓடாமலும் இருக்கலாம். குறைப்புக் காலத்திலும் வேகம் கொஞ்சம் இருக்க வேண்டும் என்பதற்கு அது உதவும். முழு தூரத்தைப் பற்றிப் புதிதாக எதுவும் அதிலிருந்து தெரிய வராது. பத்து நாளுக்குள் வந்தால் வேண்டவே வேண்டாம்.

மிச்சம் இருப்பது பந்தயமே இல்லாத வழி. சும்மா இருப்பது என்று இதற்கு அர்த்தம் இல்லை. நம் ஊரிலேயே ஒரு நாளைப் பந்தய நாளாக வைத்துக்கொள்வது. நான்கு வாரத்துக்கு முன், தீபாவளி முடிந்து அவன் நாலைந்து நாள் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு வரும் ஞாயிறு. இதைத்தான் நான் விலாவாரியாகத் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

பஸ்ஸல்டனில் காலை ஆறு மணி என்றால் நம் கணக்கில் மூன்றரை. எனவே அன்றைக்கு ஒன்றரைக்கே எழுந்து சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் வயிறு எதை ஏற்றுக்கொள்கிறது என்பது அப்போதுதான் தெரியும். அம்மா இட்லி வைத்துத் தருவார்கள்தான், ஆனால் ஆஸ்திரேலியாவுக்குள் வீட்டுப் பலகாரத்தைக் கொண்டுபோவது பெரிய பாடு, உணவுப் பொருள் எதுவானாலும் விமான நிலையத்தில் காட்டியாக வேண்டும். அங்கே கடையில் கிடைப்பதை, ரொட்டி, தேன், வாழைப்பழம், வைத்தே ஒத்திகை பார்க்கட்டும். குளம் திறந்ததும் மூன்று கிலோமீட்டர் நீச்சல். முதல் கால் மணி நேரம் மட்டும் வெட்சூட்டோடு, அதற்கு மேல் நம் ஊர்க் குளத்தில் போட்டிருந்தால் உடம்பு கொதிக்கும். கழுத்தில் தடவ வேண்டிய களிம்பையும் அன்றே பழகிக்கொள்ளலாம். அதே ஈர உடையோடு சைக்கிளில் ஏறி, அயோத்தியாப்பட்டணம் தாண்டி, வாழப்பாடி வழியாக ஆத்தூர் ரோட்டில் போய் வந்து 130 கிலோமீட்டர். ஆத்தூரைத் தொட்டுத் திரும்பினாலே நூற்றைத் தாண்டிவிடும். முடிந்தவரை ஏரோபாரில் குனிந்தபடியே.

சாப்பாட்டை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, கடிகாரம் அடித்ததும், பசித்தாலும் பசிக்காவிட்டாலும். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தில் தொடங்கி, வயிறு ஒத்துழைத்தால் 80 வரை. ஒரு எனர்ஜி ஜெல் பாக்கெட்டில் சுமார் 25 கிராம் இருக்கும், மீதியைத் தண்ணீர் பாட்டிலில் கலந்துகொள்ளலாம். கிளம்பும் முன்னும் திரும்பிய பின்னும் எடை பார்க்க வேண்டும். குறைந்த எடையோடு குடித்த தண்ணீரையும் கூட்டினால், மொத்தம் எவ்வளவு வியர்த்தது என்று தெரியும். வெள்ளியை மில்லிகிராம் வரை நிறுத்துப் பழகிய குடும்பம், இதைச் சரியாகச் செய்வான். கடைசியில் சைக்கிளிலிருந்து இறங்கி, ஷூ மாட்டி, தட்டையான ரோட்டில் 12 கிலோமீட்டர் ஓட்டம். அதற்கு மேல் ஓடக் கூடாது. மூன்று நாளில் தேறிவிட வேண்டும் என்பதுதான் அந்த நாளின் அளவுகோல்.

இதில் கிடைக்காதது கடலும் கூட்டமும். அவன் புதுச்சேரி போய் நீந்திவிட்டு வரட்டுமா என்று கேட்டான். மற்ற மாதமாக இருந்தால் சரி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக் கடல் கொந்தளிக்கும், அதில் இறங்கக் கூடாது. அந்த நேரத்தில் மேற்குக் கரைதான் அமைதியாக இருக்கும். சேலம் ஜங்ஷனில் இரவு ரயிலேறினால் காலையில் கோழிக்கோடு. ஒத்திகைக்கு அடுத்த சனிக்கிழமை எங்கள் குழுவில் ஐந்து பேர் அவனோடு போகிறோம். உள்ளூர் நீச்சல்காரர் ஒருவர் படகோடு கூட வர ஒத்துக்கொண்டிருக்கிறார். ஆரஞ்சு மிதவையை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஆறு பேரும் ஒட்டி ஒட்டி, தோளும் காலும் இடித்துக்கொண்டே இரண்டு கிலோமீட்டர் நீந்த வேண்டும். அதற்கு முன் குளத்திலேயே வாரம் ஒருமுறை நாலு பேர் ஒரே தடத்தில் நீந்திப் பழகுகிறோம். நேற்று என்னுடைய முழங்கை அவன் கண்ணாடியைத் தட்டிவிட்டது. நிற்காமல், மல்லாந்து திரும்பி, கண்ணாடியைச் சரி செய்துகொண்டு தொடர்ந்தான். ஒரு மாதத்துக்கு முன் இருந்திருந்தால் சுவரைத் தேடியிருப்பான்.

ஆக அவனுக்கு என் பதில் இது. கோவா இந்த வருடம் வேண்டாம். தீபாவளி வேலை இல்லாத ஒருவர், நம்பர் கட்டினாலும் நிதானம் தவறாதவர், அதே ஐந்து வார இடைவெளியில் இதே கேள்வியைக் கேட்டால் போகச் சொல்லியிருப்பேன். வீட்டு ஒத்திகையைவிட அவருக்குக் கோவாதான் நல்லது, தனியாக 130 கிலோமீட்டர் ஓட்டுவதற்கு வேண்டிய மன உறுதியைப் பந்தயம் இலவசமாகக் கொடுத்துவிடும். பத்து கே அவன் விருப்பம். மலை ஓட்டம் கூடவே கூடாது, யார் கேட்டாலும்.

அதில்தான் அவனுக்கு மனசு கேட்கவில்லை. "எல்லாப் பசங்களும் ஓடுவாங்களேண்ணா" என்று இரண்டு முறை சொன்னான். அதற்கு ஒரு வழி செய்திருக்கிறோம். அன்றைக்கு நானும் அவனும் இறக்கம் தொடங்கும் வளைவில் தண்ணீர் கொடுக்கும் மேசையில் நிற்கப்போகிறோம். விடிவதற்கு முன் சைக்கிளில் ஏறிப் போவதாகச் சொல்லியிருக்கிறான், மிதமாக, பேசிக்கொண்டே வரும் வேகத்தில். வேலை முடிந்ததும் இரண்டு சைக்கிளையும் தண்ணீர் கேன் வந்த மினி வேனில் ஏற்றிக்கொண்டு, வேனிலேயே சேலத்துக்கு இறங்கிவிடுவோம்.